எழுந்தேற்றத்துக்கு முன்னும் பின்னும்

இறந்த விசுவாசிகள் அனைவரையும் திருச்சபை நினைவுகூரும் நவம்பர் 2ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் உள்ள எங்கள் பங்கின் சேமக்காலைக்குச் செல்வது எனது வழக்கம். அதற்குச் சில நாள்கள் முன்பாகவே புல் செருக்கி, கல்லறைகளுக்கு வெள்ளையடித்துவிடுவார்கள். மாலைப் பூசை முடிந்ததும் சுவாமியார் கல்லறைகளுக்கிடையே நடந்து தீர்த்தம் தெளிப்பார். பொழுதுபட்ட பின்னர் எங்கு பார்த்தாலும் மெழுகுதிரி வெளிச்சம். எங்கள் குடும்பக் கல்லறையில் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். தம்பிக்குக் கல்லறை இல்லை.

1990ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு காலை வேளை சைக்கிளில் வெளியே சென்றவன் திரும்பி வரவில்லை. அப்போது அவனுக்கு வயது 22. கண்டதாகச் சிலர் சொன்னார்கள். கொண்டுபோனதாக வேறு சிலர் சொன்னார்கள். அவனது புகைப்படத்தை எடுத்துக்கொண்டு அம்மாவும் நானும் ஏறாத படிகள் இல்லை. செய்தியைத் தேடிச் செல்வதைத் தொழிலாகக் கொண்டிருந்த எனக்கு, சொந்த வீட்டுக்குத் தேவைப்பட்ட அந்த ஒரு செய்தி மட்டும் கிடைக்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகளில், குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கோயிலில் கொடுக்கச் சொல்வார்கள். அந்தப் பெயர்கள் பூசையில் வாசிக்கப்படும். 1993ஆம் ஆண்டு, குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த காலம். ஒரு மாலையில் அரிக்கன்விளக்கு வெளிச்சத்தில் அம்மா சொல்லச் சொல்ல நான் பெயர்களை எழுதினேன். அப்பாவின் பெற்றோர், அம்மாவின் பெற்றோர், சிறு வயதில் இறந்த ஒரு சகோதரி. அத்துடன் அம்மா நிறுத்திக்கொண்டார். பட்டியலைப் பெற்றுக்கொண்ட சுவாமியார் எங்கள் குடும்பத்தை நன்கு அறிந்தவர். மிகுந்த கனிவோடுதான் கேட்டார்: "அம்மா, மகனுக்காகவும் ஒரு பூசை ஒப்புக்குடுப்பமா?"

"அவன் செத்தவனெண்டு ஆர் சுவாமி உங்களுக்குச் சொன்னது?" என்றார் அம்மா.

சுவாமியார் தலைகுனிந்துகொண்டார். நான்தான் பொறுமையிழந்தேன். சில ஆண்டுகள் கழித்து, அப்பாவும் இறந்துபோன பின்னர், ஓர் இரவு அம்மாவிடம் நேராகவே சொல்லிவிட்டேன்: "அவன் இனி இல்லையம்மா. அவனுக்கு ஒரு பூசையாவது கிடைக்கட்டும்." பத்திரிகையாளனாக எத்தனையோ சம்பவங்களை ஒப்புநோக்கிப் பெற்ற அறிவைக்கொண்டு அந்தத் தீர்ப்பை வழங்கினேன். ஆனால் உறுதிப்படுத்தப்படாத மரணச் செய்தி எதனையும் எனது பத்திரிகையில் நான் அனுமதித்ததில்லை. அம்மாவுக்கு மட்டும் அந்த விதியை மீறினேன். அதன் பிறகு நான்கு நாள்கள் அவர் என்னோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் அவராகவே சொன்னார்: "மோனை, நான் அவனுக்காகப் பூசையிலை வேண்டாமல் விடுறனானே? எழுந்தேற்றத்துக்கு முன்னமும் அவன்ரை பேரைச் சொல்லுறனான், பின்னாலையும் சொல்லுறனான். எது பொருந்துமெண்டு கடவுளுக்குத் தெரியும்தானே."

எனக்கு உடனடியாக விளங்கவில்லை. அம்மா 1931இல் பிறந்தவர். இலத்தீன் பூசைக் காலத்தில் செபப்புத்தகத்தை வைத்துப் பூசை கண்டு வளர்ந்தவர். உரோமைத் திருச்சபையின் பழைய பலிபூசை மன்றாட்டில், உயிரோடிருப்பவர்களை நினைக்கும் இடம் அப்ப இரசத்தை வசீகரிப்பதற்கு முன்னரும், இறந்தவர்களை நினைக்கும் இடம் அதற்குப் பின்னரும் வருகின்றன. இரண்டு இடங்களிலும் குரு சற்று மௌனமாக நின்று, தான் நினைக்க விரும்புவோரை நினைப்பார். இன்றைய முதலாம் நற்கருணை மன்றாட்டிலும் அந்த ஒழுங்கு மாறவில்லை. மற்றைய மன்றாட்டுகளின் அமைப்பு வேறு. ஆயினும் அம்மா தமது பழைய வழக்கத்தை விடவில்லை. எந்த மன்றாட்டைக் குரு சொன்னாலும், மணி ஒலிப்பதற்கு முன் ஒரு தடவை, ஒலித்து ஓய்ந்த பின் ஒரு தடவை, தம்பியின் பெயரை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டார். உயிரோடிருந்தால் முன்னையது. இல்லையென்றால் பின்னையது.

இறந்தோருக்காக வேண்டும் வழக்கம் மிகப் பழையது. மக்கபேயர் இரண்டாம் நூலில், போரில் மடிந்த தம் வீரர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுக்க யூதா மக்கபே ஏறத்தாழ 2,000 திராக்மா வெள்ளி திரட்டி எருசலேமுக்கு அனுப்பியதாக வருகிறது. மடிந்தவர்கள் எழுவார்கள் என்று அவர் எதிர்பார்த்திராவிட்டால் அந்த வேண்டுதலே வீணாகியிருக்கும் என்பது நூலாசிரியரின் வாதம். நவம்பர் 2ஆம் திகதியை இதற்கென ஒதுக்கியவர் குளூனி மடத்து அதிபர் புனித ஓடிலோ. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் தமது மடங்களில் தொடங்கியது பின்னர் திருச்சபை முழுவதும் பரவியது. முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டில், பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பர் அந்நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று பூசைகள் நிறைவேற்ற அனுமதி வழங்கினார். பெயரறியாமல் புதைந்தோரும் உடல் மீட்கப்படாதோரும் பெருகிய காலம் அது என்பதை எண்ணிப்பார்க்கிறேன்.

1983இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 901ஆவது சட்டம், உயிரோடிருப்போர், இறந்தோர் யாருக்காகவும் குரு பூசையை ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது. அப்படியாயின், தம்பி எந்தப் பக்கத்தில் நிற்கிறான் என்று தெரியாமலே அவனுக்காகப் பூசை கேட்டிருக்கலாம். இறந்தோர் பட்டியலில் பெயரை எழுதுவதைத்தான் அம்மா மறுத்தார். வேண்டுவதை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. இந்த வேறுபாட்டை உணர எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

விசுவாசப் பிரமாணத்தில் இப்போது உடலின் உயிர்ப்பு என்று சொல்கிறோம். அம்மா கடைசிவரை 'சரீர உத்தானம்' என்றே சொன்னார். ஆன்மா அழியாது என்பதோடு எங்கள் விசுவாசம் நின்றுவிடுவதில்லை. சரீரமும் எழும் என்கிறது. அம்மாவுக்கு அது வேதபாடமன்று. சிறு வயதில் கிணற்றடியில் விழுந்து தம்பியின் இடது புருவத்தில் ஏற்பட்ட தழும்பு அவருக்கு நினைவிருந்தது. உயிர்த்த ஆண்டவரின் கைகளிலும் விலாவிலும் காயங்கள் இருந்தன என்று யோவான் எழுதுகிறார். ஆகவே அந்தத் தழும்பும் இருக்கும் என்பதில் அம்மாவுக்கு ஐயமில்லை.

யோவானின் அதே அதிகாரத்தை இப்போது வாசிக்கும்போதெல்லாம் மகதலா மரியாளிடத்தில் நின்றுவிடுகிறேன். அவள் அழுதது ஆண்டவர் இறந்ததற்காக மட்டுமன்று. உடலை எடுத்துச் சென்றுவிட்டார்கள், எங்கே வைத்தார்களோ தெரியவில்லை என்பதே அவளது முறையீடு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டதும் ஏறத்தாழ அதுதான். ஆனால், மரியாளின் அழுகை அந்தக் காலையிலேயே முடிந்தது. பெயர் சொல்லி அழைக்கும் குரலை அவள் கேட்டாள். எங்கள் தாய்மாரில் பலர் அந்தக் குரலைக் கேளாமலே இறந்துபோனார்கள். உயிர்ப்பின் நம்பிக்கையைப் பற்றி எழுதும்போது இதனை மறைத்துவிட்டு எழுத என்னால் இயலாது.

அம்மா 2012இல் காலமானார். மரண அறிவித்தலை எழுதும் பொறுப்பு என்னுடையதாயிற்று. எனது தொழில் வாழ்வில் ஆயிரக்கணக்கான மரண அறிவித்தல்களைத் திருத்தியிருக்கிறேன். அதன் இலக்கணம் எனக்கு மனப்பாடம். கணவர் பெயர், பிள்ளைகள் பெயர், இறந்தவர்களின் பெயருக்கு முன் 'காலஞ்சென்ற', உயிரோடிருப்பவர்களின் பெயருக்குப் பின் அடைப்புக்குள் அவர்கள் வாழும் நாடு. அக்காவுக்கு 'கனடா' என்று எழுதினேன். எனக்கு 'ஊடகவியலாளர், கொழும்பு'. தம்பியின் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். அரசாங்கத்துக்குக்கூட அப்போது இதற்கொரு சொல் இருக்கவில்லை. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணாமற்போயிருக்கிறார் எனச் சான்றிதழ் வழங்குவதற்கான சட்டம் 2016இல்தான் வந்தது.

முன்னால் எதுவும் எழுதாமல், பின்னாலும் எதுவும் எழுதாமல், வெறும் பெயரோடு அனுப்பினேன். அன்றிரவு பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஓர் இளம் ஒப்புநோக்குநர் அழைத்தார்.

"ஐயா, மூண்டாவது பிள்ளையின்ரை பேருக்குப் பக்கத்திலை நாட்டை விட்டிட்டீங்கள். எந்த நாடெண்டு போடுறது?"

அவர் தமது கடமையைச் செய்தார். அவரது இடத்தில் நானிருந்தாலும் அதையே கேட்டிருப்பேன்.

"தெரியாது தம்பி. அப்பிடியே விடுங்கோ" என்றேன்.

அறிவித்தல் அப்படியே வெளிவந்தது. அவன் இல்லை என்று அம்மாவிடம் அன்றிரவு சொன்ன சொல்லை நான் திருப்பி வாங்கிக்கொண்டது அந்த அறிவித்தலில்தான். அதை வாசிக்க அம்மா இருக்கவில்லை.

பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பர் 2007ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி எதிர்நோக்குப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில், பிறருக்கான வேண்டுதல் ஒருபோதும் காலங்கடந்ததாகிவிடுவதில்லை என்ற கருத்து வருகிறது. நாம் எண்ணும் காலக்கணக்கு அங்கே செல்லுபடியாகாது என்பது அதன் பொருள். அம்மா அந்தச் சுற்றுமடலை வாசித்தவரல்லர். அதற்கு முன்பிருந்தே அதன்படி வேண்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு இன்றும் ஐயங்கள் உண்டு. செய்தியாளனின் புத்தி ஆதாரம் கேட்கிறது. இருந்தாலும் ஞாயிறு பூசையில் முழந்தாட்படியிடும்போது, எழுந்தேற்றத்துக்கு முன் தம்பியின் பெயரைச் சொல்கிறேன். மணி ஓய்ந்த பின் மறுபடியும் சொல்கிறேன். அம்மாவின் பெயரை இரண்டாவது இடத்தில் மட்டும் சொல்கிறேன்.