புதர் இல்லை சார், காடு!

காடு என்றால் நம் எல்லோர் மனசிலும் ஒரு சினிமா செட் உண்டு. வானத்தை முட்டும் மரம், கிளைக்குக் கிளை தாவும் குரங்கு, மூலையில் ஓர் அருவி. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் 'புதர்' என்று பெயர் வைத்துவிடுவோம். புதர் என்று பெயர் வைத்துவிட்டால் அடுத்து வருவது ஜே.சி.பி.தான்!

மறைமலைநகரில் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குப் பொது இடம் என்று ஓர் அரை ஏக்கர் இருந்தது. கொஞ்சம் பாறை, சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கரும்பச்சைச் செடிகள், நடுவில் இரண்டு பெரிய மரம்.

"எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டு கொரியன் கிராஸ் போட்டு, ரெண்டு வரிசை ராயல் பாம் வெச்சுட்டா சிங்கப்பூர்தான் சார்!" என்றார் செயலாளர்.

நான் பி.காம். மரம், செடி சமாசாரம் சிலபஸில் கிடையாது. ஆனால் ஒரு சொத்தைக் கணக்கிலிருந்து நீக்குமுன் அதன் மதிப்பு என்ன என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பார்த்தேன்.

உலகத்தின் தரைப்பரப்பில் சுமார் 31 சதவீதம் காடு. 400 கோடி ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல். அதில் பாதிக்கு மேல் ரஷ்யா, பிரேசில், கனடா, அமெரிக்கா, சீனா என்று ஐந்தே பங்குதாரர்களிடம் இருக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டி அமேசான், காங்கோ, இந்தோனேஷியா பக்கம் மழைக்காடு. அங்கே வருஷம் பூரா ஈரம், அதனால் வருஷம் பூரா இலை. வடக்கே ரஷ்யாவிலும் கனடாவிலும் ஊசியிலை மரங்கள். விழுகிற பனி சறுக்கிக்கொண்டு கீழே போக வசதியாகக் கூம்பு வடிவம். நடுவே ஐரோப்பாவில், குளிர் வந்தால் இலையைக் கொட்டிவிட்டுத் தூங்கப் போகும் மரங்கள்.

எல்லாம் வரவு செலவுதான். மழையும் வெயிலும் வரவு. இலை செலவு. வரவு குறைந்தால் இலையை உதிர்த்துச் சிக்கனம் பண்ணுகிறது மரம். நம் வீட்டில் முதல் தேதிக்கும் இருபதாம் தேதிக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி!

நம் நாட்டுக் காடுகளை ஹாரி சாம்பியன் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி வகை பிரித்து 1936-ல் எழுதினார். 1968-ல் சேத் என்பவரோடு சேர்ந்து அதையே திருத்தி, 16 பெரும் வகைகளாகக் கொடுத்தார். அதில் ஏழாவது வகையைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு'. உலர்ந்ததாம், ஆனால் பச்சை மாறாதாம்! கைச்சம்பளமும் இல்லை, கடனும் இல்லை என்கிற மாதிரி இருக்கிறதே, இந்த அதிசயம் எங்கே என்று பார்த்தால்... நம்ம சோழமண்டலக் கரை ஓரம்! பாக் ஜலசந்தி தாண்டி இலங்கையின் உலர் வலயத்திலும் இதன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

நம் பக்கம் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். அப்புறம் மாதக்கணக்கில் வறட்சி. நியாயப்படி இங்குள்ள மரங்கள் மார்ச்சிலேயே மொட்டையாக வேண்டும். ஆனால் இவை இலையைச் சின்னதாக, தோல் மாதிரித் தடிமனாகப் பண்ணிக்கொண்டு, உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் கத்திரி வெயிலிலும் பச்சையாக நிற்கின்றன. என் பாட்டி முந்தானை முடிச்சில் காசு வைத்திருந்த சாமர்த்தியம்!

இந்தக் காடு பெரும்பாலும் விறகாகி, வயலாகி, முந்திரி, சவுக்குத் தோப்பாகி ஒழிந்துவிட்டது. மகாபலிபுரம் ரோட்டில் குழந்தைகளுக்குச் சவுக்கந்தோப்பைக் காட்டி "காடு பார்" என்கிறோம். சவுக்கு 19-ம் நூற்றாண்டில் விறகுக்காக நம் கரையில் வந்து இறங்கிய விருந்தாளி. உள்ளூர்க்காரன் மிச்சம் இருப்பது கிண்டி தேசியப் பூங்கா மாதிரி சில இடங்களிலும், ஐயனாருக்கும் அம்மனுக்கும் பயந்து யாரும் அரிவாள் வைக்காத கோயில் காடுகளிலும்தான்.

எங்கள் தெருவுக்குப் பாம்பு பிடிக்க வரும் இருளர் பெரியவரை அழைத்துப்போய்க் காட்டினேன். "இது காசா, இது களா, இது சூரை. அந்தப் பெரிசு ரெண்டும் பாலை சார்" என்று கடகடவென்று சொன்னார். இந்தப் படிப்புக்கு டிகிரி கிடையாது. ஆனால் 2023-ல் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

காசாவுக்கு இன்னொரு பெயர் காயா. பெருமாளைக் 'காயாம்பூ வண்ணன்' என்கிறோமே, அந்த நீலப் பூ இதுதான். சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு பெருமாளின் நிறத்தைப் புதர் என்கிறோம்! பாலை இன்னும் வேடிக்கை. சப்போட்டா ஒட்டுக் கட்டுவதே பாலைக் கன்றின் மேல்தான். வெளிநாட்டுப் பழத்துக்கு உள்ளூர் வேர்!

சங்கக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். யாரும் அசையவில்லை. "பாம்பு வருமே சார்?" என்றார் பொருளாளர்.

கூடவே வந்திருந்த பெரியவர் சொன்னார்: "அது அங்க இருக்குற வரைக்கும் அங்கயே இருக்கும் சார். அத வெட்டினீங்கன்னா உங்க வீட்டுக்குத்தான் வரும்."

லேசாக ஒரு சலசலப்பு. அந்தச் சூட்டோடு என் பி.காமை எடுத்து விட்டேன். புல்தரைக்கு மே மாதம் எத்தனை லாரி தண்ணீர், ஒரு லாரி என்ன விலை, இந்தச் செடிகளுக்கு எத்தனை லாரி... பூஜ்யம். பொருளாளர் முகம் மாறியது. பாதி இடம் பார்க், பாதி அப்படியே என்று ராஜியானது.

ராஜி என்றால் இரண்டு பக்கமும் நஷ்டம் என்று அர்த்தம். பார்க் பக்கம் இருந்த பாலை போயிற்று. அந்த வைரம் பாய்ந்த மரத்தை அறுக்க வந்தவர்கள் ஒருநாள் பூரா திணறினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தது எனக்குச் சுலபமாக இல்லை. எத்தனை வருஷத்து மரமோ, ஒரே நாளில் கணக்கு முடிந்தது.

மறுநாள் காலையில் பார்த்தால், மிச்சமிருந்த பாலையின் இடுப்பில் மஞ்சள் துணி, அடியில் குங்குமம், ஒரு அகல்விளக்கு! என் மாமியார் வேலை. "நீங்க சாம்பியன், சேத்துன்னு சொன்னா யாருக்கு மாப்பிள்ளை புரியுது? இப்ப எவன் கை வைக்கிறான்னு பாக்கலாம்" என்றார். இன்றுவரை யாரும் வைக்கவில்லை.

போன மழைக்கு அதன் பக்கத்தில் நாலு பாலைக் கன்று நட்டேன். மெதுவாக வளரும் ஜாதி. "என்னங்க, இது எப்போ நிழல் குடுக்கும்?" என்றாள் மனைவி.

"பேரன் காலத்துல."

"அப்போ எல்.ஐ.சி. மாதிரின்னு சொல்லுங்க."

"அதேதான். ஆனா இதுக்கு மட்டும் நாமினி ஊர்ல இருக்குற எல்லாரும்!"