போல்ட் தானே மாமா!

“டக்... டக்...”

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில், ஸ்பீட் பிரேக்கர் வரும்போதெல்லாம் மாமாவின் சான்ட்ரோ காரின் முன்பக்கத்தில் இந்தச் சத்தம். 2007-ஆம் வருடத்து வண்டி. 1998-ல் இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலையிலிருந்து முதன்முதலாக வெளிவந்த கார் சான்ட்ரோதான். அந்த வகையில் இது எங்கள் ஊர்ப் பிள்ளை. கன்டெய்னர் லாரிகளோடு பள்ளம் மேடு பார்க்காமல் ஓடி ஓடித் தேய்ந்துவிட்டது.

அப்போது அக்காவுக்கு ஒன்பதாம் மாதம். “ராத்திரியில வலி வந்தா காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு இதுலதான் போகணும். மெக்கானிக்கிட்ட விட்டுடலாமா மாப்ள?” என்றார் மாமா.

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவனான எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “நான் இருக்கேனே மாமா!” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினேன். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடியது. மாமாவை ஆட்டச் சொல்லிவிட்டுக் கீழே படுத்துப் பார்த்தேன். பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தது. லோயர் ஆர்ம் புஷ்ஷின் ரப்பர் வெடித்திருந்தது. இரண்டு பக்கமும் புது லோயர் ஆர்ம் வாங்கி வந்தோம்.

பழைய போல்ட்டுகள் துருவேறி, கழற்றவே அரை நாள் ஆனது. அதில் ஒன்றின் நடுப்பகுதியைத் துரு அரித்திருந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அந்த போல்ட் இல்லை. “போல்ட் தானே மாமா!” என்று ஹார்டுவேர் கடையில் அதே தடிமனில் ஒன்று வாங்கி மாட்டினேன். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, இருந்த பலத்தையெல்லாம் போட்டு முறுக்கினேன். சத்தம் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை!

மறுநாள் வீல் அலைன்மென்ட் பார்க்கப் போனோம். அங்கிருந்த மெக்கானிக் அண்ணன் வண்டியின் அடியில் எட்டிப் பார்த்தார்.

“இந்த போல்ட்டை யாரு போட்டது தம்பி?”

“நான்தாண்ணே.”

“தலையில நம்பர் எங்க?”

பழைய போல்ட்டின் தலையில் 10.9 என்று இருந்தது. புதியதில் எந்த எண்ணும் இல்லை. நண்பர்களே, 10 என்றால் இழுவிசை வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன். அடுத்துள்ள 9, அதில் 90 சதவீதம், அதாவது 900 வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவன்தான் நான்! முறுக்கும்போது போல்ட் ஸ்பிரிங் போல லேசாக நீண்டு, அந்த இழுப்பில்தான் ஆர்மை இறுக்கிப் பிடிக்கிறது. பலமில்லாத போல்ட் நிரந்தரமாக நீண்டு பிடியை விட்டுவிடும். பிரேக் போடும் நேரத்தில் முறிந்தால் சக்கரமே திரும்பிக்கொள்ளும்.

“சக்கரம் தொங்கும்போதே டைட் பண்ணிட்டியா?” என்பது அவரது அடுத்த கேள்வி. தலையாட்டினேன்.

“ரப்பர் புஷ் சுத்தாது தம்பி, முறுக்கிக்கும். தொங்கும்போது டைட் பண்ணினா, வண்டி சும்மா நிக்கும்போதே ரப்பர் முறுக்கிட்டுத்தான் இருக்கும். சீக்கிரமே வெடிச்சிடும். வெயிட்டு சக்கரத்துல உட்கார்ந்த பிறகுதான் கடைசி டைட்.”

வண்டியை வெளியே எடுக்க அவர் விடவில்லை. சரியான போல்ட்டுகளையும் நட்டுகளையும் வரவழைத்து, மறுநாள் என் கையாலேயே மாட்ட வைத்தார். சக்கரம் தரையில் நின்ற பிறகு டார்க் ரெஞ்சை என்னிடம் கொடுத்தார். அதன் பிறகே அலைன்மென்ட் நடந்தது.

நான்காம் நாள் நள்ளிரவு. அக்காவுக்கு வலி வந்துவிட்டது. மாமா ஓட்ட, நான் முன் சீட்டில் அமர்ந்து ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன். சத்தமே இல்லை. விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது. நான் போட்ட முதல் போல்ட்டிலேயே அந்தப் பயணம் நடந்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

நண்பர்களே, நாளை நம்மில் பலர் இதே இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்சாலைகளில் அசெம்பிளி லைனில் நிற்போம். ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கான போல்ட்டுகளை முறுக்குவோம். அந்த வண்டியில் யாருடைய அக்கா போவார் என்று நமக்குத் தெரியாது. அதனால் “போல்ட் தானே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!