புல்லின் அகம்

நுழையும்முன்

காலடியில் மிதிபடும் புல்லைத் தனியோர் உயிராகக் கருதுவதே வழக்கம். ஆனால், காட்டுப்புற்கள் பலவற்றின் உள்ளே, கண்ணுக்குப் புலப்படாமல் மற்றோர் உயிர் குடியிருக்கிறது. புல்லின் வளர்ச்சியிலும் காப்பிலும் வழித்தோன்றலிலும் அதற்குப் பங்குண்டு. புல்வெளியைக் காக்க விரும்புவோர் அவ்வுயிரையும் ஏன் அறிந்திருக்க வேண்டும் என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தூங்க வைத்த புல்

தமிழில் 'புல்' என்னும் சொல்லுக்குச் சிறுமை என்னும் பொருளும் உண்டு. புன்மை, புல்லறிவு, புல்லர் ஆகிய சொற்கள் அந்த வேரிலிருந்து முளைத்தவை. எங்கும் முளைப்பதும் எளிதில் மிதிபடுவதும் மதிப்பை இழப்பது உலக இயல்பு. எனினும், பெரிய விலங்குகளையும் தலைகவிழச் செய்யும் ஆற்றல் சில புற்களுக்கு உண்டு.

அமெரிக்காவின் தென்மேற்கே நியூ மெக்சிகோ மாநிலத்தின் மலைப்பகுதிகளில் உயர்ந்து வளரும் காட்டுப்புல் ஒன்றுக்கு அங்குள்ளோர் 'தூங்குபுல்' என்னும் பொருளுடைய பெயரை இட்டனர். கிளவுட்கிராஃப்ட் என்னும் ஊரைச் சுற்றி வளரும் அப்புல்லைச் சிறிதளவு மேய்ந்த குதிரைகளும் ஆழ்ந்த மயக்கத்தில் வீழ்ந்தன; அது தெளிய நாள்கள் சில ஆயின. ஒருமுறை துன்புற்ற விலங்கு மறுமுறை அப்புல்லை நாடுவதில்லை என்பது மேய்ப்போர் கண்ட உண்மை.

அந்த நஞ்சு புல்லுக்கே உரியது என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. பின்னர் வந்த ஆய்வுகள் வேறோர் உண்மையை உணர்த்தின. மயக்கம் தரும் வேதிப்பொருளை உருவாக்கியது, புல்லின் திசுக்களுக்குள் வாழ்ந்த ஒரு பூஞ்சை.

இலைக்குள் ஒரு வாழ்க்கை

தூங்குபுல்லில் வாழும் பூஞ்சை, 'எபிக்ளோயி' என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. குளிர்நிலப் புற்கள் பலவற்றில் இப்பேரினத்தின் பூஞ்சைகள் வாழ்கின்றன. நூலினும் மெல்லிய இழைகளாக அவை செல்களுக்கு இடைப்பட்ட வெளியில் படர்கின்றன. செல்லின் சுவரைத் துளைத்து உட்புகுவதில்லை. செல்களுக்கு வெளியே கிடைக்கும் சர்க்கரையும் அமினோ அமிலங்களுமே அவற்றின் உணவு.

பூஞ்சை இழைகள் பொதுவாக நுனியில் மட்டுமே வளர்பவை. விரைந்து நீளும் புல்லிலைக்குள் அவ்வாறு வளர முயன்றால், இலை நீள நீள இழைகள் அறுந்துபோகும். எனவே, இப்பூஞ்சையின் இழைகள் தம் நீளம் முழுவதும் இலையோடு சேர்ந்தே நீள்கின்றன. இலையின் வளர்ச்சி நிற்கும்போது இழைகளும் நீள்வதை நிறுத்திக்கொள்கின்றன.

புல் பூக்கும் பருவத்தில் இழைகள் பூந்தண்டின் வழியே ஏறிச் சூலகத்தை அடைந்து, விதைக்குள் இடம்பெறுகின்றன. அவ்விதை முளைக்கும்போது பூஞ்சையும் விழித்துக்கொள்கிறது. தாய்ப்புல்லிடமிருந்து மட்டுமே இவ்வுறவு வழிவழியாக வருகிறது; மகரந்தத்தின் வழியே வருவதில்லை. புறத்தே நோயின் அறிகுறி ஒன்றும் இராது. திசுவுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் நோக்கும்போதே பூஞ்சை புலப்படும்.

இதே பேரினத்தைச் சேர்ந்த வேறு சில பூஞ்சைகள் இவ்வளவு அடக்கம் உடையவை அல்ல. புல் பூக்க முனையும்போது அவை தண்டைச் சுற்றி வெண்ணிற உறையாக வெளிப்பட்டு, கதிர் வெளிவர முடியாமல் நெரித்துவிடுகின்றன. ஒருவகை ஈ அவ்வுறையை உண்டு, அதன்மேல் முட்டையிடுகிறது. ஓர் உறையில் உண்ட பூஞ்சை வித்துகளை மற்றோர் உறையில் கொண்டு சேர்க்கிறது. பூக்களிடையே தேனீ ஆற்றும் பணியை, பூஞ்சைகளிடையே இந்த ஈ ஆற்றுகிறது.

தெரிந்து தெளிவோம்

கோதுமை வயல்களில் களையாக வளரும் ஒருவகைப் புல்லின் விதை மாவுடன் கலந்தால், உண்டோர்க்கு மயக்கம் ஏற்படுவதைப் பழங்கால மக்கள் அறிந்திருந்தனர். அவ்விதைக்குள் பூஞ்சைப் படலம் இருப்பது 1898ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் கண்டறியப்பட்டது.

கொடுப்பதும் கொள்வதும்

புல் உணவும் உறைவிடமும் தருகிறது. பூஞ்சை, பூச்சிகளையும் மேயும் விலங்குகளையும் விலக்கும் வேதிப்பொருள்களைத் தருகிறது. ஓடி ஒளிய இயலாத புல்லுக்கு இது பெருங்காப்பு. ஆயினும், இவ்வுறவை எப்போதும் நட்பு என்று சொல்லிவிட இயலாது.

அரிசோனா மாநிலத்தின் இயல்புப் புல் ஒன்றை ஸ்டான்லி ஃபேத் என்னும் சூழலியலாளரும் அவர்தம் குழுவினரும் நீண்டகாலம் ஆராய்ந்தனர். பூஞ்சையுள்ள செடிகள் பூஞ்சையற்ற செடிகளைவிட எப்போதும் சிறந்து வளரவில்லை; சில சூழல்களில் பின்தங்கவும் செய்தன. தூங்குபுல்லிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. பூஞ்சை பரவலாகக் காணப்பட்டாலும், கடும் மயக்கம் தரும் அளவுக்கு நஞ்சுள்ள செடிகள் கிளவுட்கிராஃப்ட் பகுதியிலேயே மிகுதி. மண்ணின் வளம், நீரின் அளவு, மேயும் விலங்கு, பூஞ்சையின் வகை ஆகியவை மாற, ஒரே உறவு ஓரிடத்தில் துணையாகவும் வேறோரிடத்தில் சுமையாகவும் மாறுகிறது.

வெந்நீர் ஊற்றின் ஓரத்தில்

இவ்வுறவு எத்துணை ஆழமாகச் செல்லும் என்பதற்கு அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா சான்று தருகிறது. அங்குள்ள வெந்நீர் ஊற்றுகளை ஒட்டிய சுடுமண்ணில் ஒரு சிறு புல் வளர்கிறது. அது சாமைக்கும் பனிவரகுக்கும் உறவான புல்லினம். அதன் உள்ளே வாழ்வது 'கர்வுலேரியா' என்னும் வேறு பேரினத்துப் பூஞ்சை.

2002ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில், நாள்தோறும் சில மணிநேரம் மண் 65 பாகை செல்சியஸ் வரை சூடேற்றப்பட்டது. பூஞ்சையுள்ள செடிகள் பிழைத்தன, பூஞ்சையற்றவை மடிந்தன. அப்பூஞ்சையோ தனித்து வளரும்போது அத்தகைய வெப்பத்தைத் தாங்குவதில்லை. 2007ஆம் ஆண்டில் மேலும் ஓர் உண்மை வெளிப்பட்டது. பூஞ்சைக்குள் ஒரு வைரஸ் இருந்தது. அவ்வைரஸை நீக்கியபின் பூஞ்சையால் புல்லைக் காக்க இயலவில்லை. மீண்டும் சேர்த்தபோது காப்பும் மீண்டது. புல், பூஞ்சை, வைரஸ் என மூன்றும் கூடியபோதே சுடுமண்ணில் வாழ்க்கை அமைந்தது.

உள்ளே நோக்காமல் விதைத்தவர்கள்

1931ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், மலைச்சரிவுப் பண்ணை ஒன்றில், வறட்சியிலும் குளிரிலும் பசுமை குன்றாத ஒரு புல்லைப் பேராசிரியர் ஃபெர்கஸ் கண்டார். ஐரோப்பாவைத் தாயகமாகக் கொண்ட அப்புல், 'கென்டக்கி 31' என்னும் பெயரில் 1943ஆம் ஆண்டு உழவர்களுக்கு வழங்கப்பட்டது. பல இலட்சம் ஏக்கர் நிலம் அப்புல்லால் நிறைந்தது.

புல் செழித்தது, கால்நடைகள் நலிந்தன. கோடையில் மாடுகள் வெப்பம் தாங்காமல் இளைத்தன, பாலும் குறைந்தது. குளிர்காலத்தில் குருதியோட்டம் குன்றி, சிலவற்றின் குளம்பும் வால்நுனியும் அழுகின. உழவர்களால் காரணத்தை அறிய இயலவில்லை. அப்புல்லுக்குள் வாழும் பூஞ்சைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1977ஆம் ஆண்டில் சார்லஸ் பேக்கனும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்டனர்.

பூஞ்சை நீக்கிய விதைகள் விதைக்கப்பட்டன. மாடுகள் நலம்பெற்றன, ஆனால், புல் வறட்சிக்கும் பூச்சிக்கும் மேய்ச்சலுக்கும் ஈடுகொடுக்க முடியாமல் பல இடங்களில் அழிந்தது. புல்லின் வலிமை என்று பாராட்டப்பட்டதில் பெரும்பங்கு பூஞ்சையினுடையது என்பது அப்போது தெளிவாயிற்று. பின்னர், மாட்டுக்குக் கேடு செய்யும் நஞ்சை உண்டாக்காத இயற்கைப் பூஞ்சை வகைகளைத் தேடி, அவற்றைப் புல்லுடன் சேர்த்து வளர்க்கும் முறை உருவாயிற்று.

விதையோடு காக்க வேண்டியது

காட்டுப்புல் நிலங்களை மீட்பதற்காக விதைகள் சேகரிக்கப்பட்டுச் சேமிக்கப்படுகின்றன. இங்கே ஒரு நுட்பமான இழப்பு நேரக்கூடும். வெப்பமும் ஈரமும் உள்ள அறையில் விதைகளை வைத்திருந்தால், விதை உயிரிழக்கும் முன்பே அதனுள் உள்ள பூஞ்சை உயிரிழந்துவிடுகிறது. அத்தகைய விதையை விதைத்தால் முளைக்கும். பச்சை இலை விடும். முளைப்புத்திறன் கணக்கிலும் குறை தெரியாது. ஆயினும், முன்னோர் வழி வந்த துணையைத் தொலைத்த புல் அது. புல் இனத்தின் பெயர் பதிவேட்டில் நிலைத்திருக்க, அதன் வாழ்க்கையில் ஒரு பகுதி அழிந்துபோகிறது. விதைகளை நன்கு உலர்த்திக் குளிரில் வைத்தால், பூஞ்சையும் நெடுநாள் உயிர்வாழும்.

எத்தனை வகைப் புல் வளர்கிறது என்று எண்ணுவது எளிது. ஒவ்வொரு புல்லும் எதனோடு வாழ்கிறது என்று அறிவதற்குப் பொறுமை வேண்டும். இலையைக் கீறி நோக்கும் கண்ணும் வேண்டும். காட்டுப்புல் நிலத்தைக் காக்கும் பணி, கையில் உள்ள ஒரு விதைக்குள் எத்தனை உயிர்கள் உறங்குகின்றன என்னும் வினாவிலிருந்து தொடங்க வேண்டும்.