லாயர் ஐயா இருக்காரா?

ஏப்ரல் 3, 2014. கெப்பாலா பத்தாஸ்

மாமா போய் நான்காம் நாள். எதையும் எழுதி வைக்காவிட்டால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும் போலிருக்கிறது. அவர் மேசை இழுப்பறையில் எழுதாத நோட்டு ஒன்று கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை விடியற்காலையில் நெஞ்சு வலி என்றாராம். காடியில் ஏற்றி மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. 63 வயது. நாங்கள் ஷா ஆலாமிலிருந்து வந்து சேர்ந்தபோது தெருமுனை வரை மோட்டார் சைக்கிள்கள். தாசேக் குளுகோர், பெனாகா, பெர்தாம், பட்டர்வொர்த் என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். பாதிப் பேரை அம்மாவுக்கே தெரியவில்லை. ஒரு மலாய்க்காரப் பெரியவர் வாசலிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெயரைச் சொல்லாமலே போய்விட்டார்.

அம்மா இன்னும் சரியாக அழவில்லை.

ஏப்ரல் 5

காலை எட்டு மணிக்குக் கேட்டருகே ஒருவர், கையில் பிளாஸ்டிக் பையில் தாள்கள். "லாயர் ஐயா இருக்காரா?" அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். நான்தான் சொல்லவேண்டி வந்தது.

ஏப்ரல் 7

இன்று முழுவதும் மாமாவின் பழைய படங்கள். மாலாக்கோஃப் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்துகொண்டே இரவில் சட்டம் படித்தார். லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம், பிறகு சிஎல்பி என்ற சட்டத் தொழில் தேர்வு. தபாலில் வரும் பாடங்களை மண்ணெண்ணெய் விளக்கில் படித்ததாகச் சிலர் இரங்கல் கூட்டத்தில் பேசினார்கள். அது உண்மை இல்லை. அப்போது வீட்டில் மின்சாரம் இருந்தது. அவர் பட்ட பாடு வேறு. பகலில் 40 பிள்ளைகளிடம் கத்திவிட்டு வந்து, இரவு ஒரு மணி வரை உட்காரவேண்டும். தூக்கம் வந்தால் நின்றுகொண்டு படிப்பார். எனக்கு அது நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்த மேசையின் மறுபக்கத்தில்தான் என் வீட்டுப்பாடம் நடக்கும்.

என் காது குத்தியது அவர் மடியில். தாய்மாமன் சீர் ஒன்றையும் அவர் விட்டதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். என் 12ஆம் வயதில் பக்கத்துத் தோட்டம் ஒன்று கைமாறி ஆட்களை நிறுத்தினார்கள். அவர் அப்போது லாயர்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் என்ன சேரவேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். கணக்கைப் போட்டது நான். 1980ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து வருடம் வரை 15 நாள். அதற்கும் கீழே 10 நாள். 31 வருடம் வெட்டிய ஓர் அம்மாவுக்கு நான் பெருக்கிச் சொன்ன தொகையை அவர் மறுபடி என்னையே உரக்க வாசிக்கச் சொன்னார். "அவங்க காதுல விழணும். தாளைக் கையில கொடுத்தா மட்டும் போதாது."

அந்த அம்மாவின் முகம் இப்போதும் தெரிகிறது.

ஏப்ரல் 8

தூக்கமில்லை.

ஏப்ரல் 10

அலுவலகம் போனேன். கடைவீட்டு மாடியில் இரண்டு அறை. காக் தனியாக உட்கார்ந்திருந்தார். மாமாவிடம் 19 வருடம் வேலை பார்த்த மலாய்ப் பெண்மணி. அவருக்குத் தமிழ் நன்றாகவே புரியும். நிலுவையிலுள்ள வழக்குகளை வேறொரு வழக்கறிஞர் பொறுப்பேற்கிறார்; அந்தக் கோப்புகளை அடுக்கி நாடா கட்டி வைத்திருந்தார்.

கோப்பாக இல்லாதவைதான் சிக்கல். நீளநீளமான கணக்குப் புத்தகங்கள், ஒரு அலமாரி நிறைய. வழக்கென்று ஆகாமல் வந்து போனவர்களை மாமா அதில் எழுதியிருக்கிறார். பெயர், ஐசி (அடையாள அட்டை) எண் இருந்தால் எண், இல்லாவிட்டால் ஒரு கோடு. "தாயின் பெயர் கேட்டேன், அழுதார், அடுத்த வாரம்." "பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இல்லை." "சிவப்பு ஐசி, இங்கேயே பிறந்தவர், மருத்துவச்சி உயிரோடு இருக்கிறாரா பார்க்கவேண்டும்." வலப்பக்க ஓரத்தில் தொகைகள். கட்டணம் என்று நினைத்தேன். காக் சொன்னார், அது அவர் கொடுத்தது. பஸ் காசு, முத்திரைக் காசு, படம் எடுக்கக் காசு.

அவர் வருமான வரிக் கணக்கை வருடந்தோறும் தயாரித்தவள் நான். வருமானம் ஏன் இவ்வளவு குறைவு என்று சண்டை போட்டிருக்கிறேன். சிரிப்பார். இன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை பேரும் சேர்ந்து அவரைத் தின்றுவிட்டார்கள். படியேறி இறங்கி, ஜேபிஎன் பதிவு இலாகா வரிசையில் அவர்களோடு கால் கடுக்க நின்று, மருந்தை நேரத்துக்குப் போடாமல். இந்த ஊர் 2003லிருந்து 2009 வரை ஒரு பிரதமரின் தொகுதி. ஐசி இல்லாமல் அலைந்தவர்கள் அப்போதும் இந்த மாடிக்குத்தான் வந்தார்கள்.

ஏப்ரல் 14

சித்திரைப் புத்தாண்டு. எங்களுக்கு இல்லை. பக்கத்து வீட்டுச் சீன அம்மா ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து கொடுத்தார். மதியம் அம்மா மாமாவுக்கும் சேர்த்துத் தட்டு வைத்துவிட்டு, அதை யாரும் எடுக்கக்கூடாது என்றார்.

ஏப்ரல் 15

கருமாதி முடிந்தது.

எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகும் ஒரு பாட்டியும் பேரனும் பந்தலிலேயே இருந்தார்கள். பையன் உயரம், மெலிவு, பேசவில்லை. தலைமையாசிரியர் தயவில் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தானாம். இப்போது டயர் கடையில் கைக்காசுக்கு வேலை. பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஆகஸ்டு 19 இவனுக்கு 21 முடியுது பொண்ணு. அதுக்குள்ள பார்க்கலாம்னு ஐயா சொன்னாரு."

என்ன பார்க்கவேண்டும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. புத்தகத்தில் தேடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 17

லாயர் கர்பால் சிங் இறந்துவிட்டார்.

நேற்று இரவு கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வரும் வழியில், கம்பாருக்குப் பக்கத்தில், விடியுமுன் லாரியில் மோதி. கூடவே அவருடைய உதவியாளரும். 73 வயது. மலேசிய விமானம் காணாமல் போன மார்ச் 8லிருந்து இந்த நாட்டில் தொலைக்காட்சியைப் போட்டாலே நெஞ்சு அடைக்கிறது. இப்போது இது.

மாமா இருந்திருந்தால் இன்று என்ன ஆகியிருப்பார்? வாத்தியாராக இருந்தபோது பள்ளி விடுமுறையில் பெரி ஏறி ஜார்ஜ்டவுன் போய், உயர்நீதிமன்றத்தில் பொதுமக்கள் வரிசையில் உட்கார்ந்து கர்பாலின் வாதத்தைக் கேட்டுவிட்டு வருவார். அதுதான் அவர் சட்டக் கல்லூரி. தூக்குத் தண்டனைக் கைதிகளுக்காகக் கர்பால் ஒரு கமாவைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பதை வீட்டுக்கு வந்து எங்களுக்கு நடித்துக் காட்டுவார். 2005 விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியிலிருந்தே வாதாடினார் அல்லவா, "உட்கார்ந்துகொண்டும் நிற்கலாம்" என்று மாமா சொல்வார்.

போன மாதம் 11ஆம் தேதி தேச நிந்தனை வழக்கில் கர்பாலுக்கு 4,000 ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். 2,000 ரிங்கிட்டைத் தொட்டாலே நாடாளுமன்ற இடம் போகும். பேராக் சுல்தானின் முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்று 2009இல் சொன்னதற்கு. அன்றிரவு மாமா எனக்குப் போன் செய்து அரைமணி நேரம் பேசினார். மேல்முறையீட்டில் என்னென்ன வாதம் வைக்கலாம் என்று எனக்கு, ஒரு கணக்காயருக்கு, ஒன்று இரண்டு என்று வரிசையாக. நான் சமைத்துக்கொண்டே உம் கொட்டினேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கர்பாலின் இறுதி ஊர்வலத்துக்குக் காக்கும் நானும் தீவுக்குப் போனோம். சாலையின் இருபுறமும் ஜனம். சீனர், தமிழர், மலாய்க்காரர், சீக்கியர். கர்பால் 1978லிருந்து 1999 வரை ஜெலுத்தோங் தொகுதிக்காரர். "ஜெலுத்தோங் புலி" என்று கிழவர்கள் இன்றும் சொல்கிறார்கள். பத்து காந்தோங் சுடுகாட்டுக்குப் போகிற வண்டி எங்களைக் கடந்தபோது எனக்கு அழுகை வந்து நிற்கவே இல்லை. பக்கத்திலிருந்த சீனப் பெரியவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

ஈப்போவில் டி.ஆர். சீனிவாசகம் 1969 மார்ச்சில் இறந்தபோதும் இப்படித்தான் என்று தாத்தா சொல்லி மாமா சொல்வார். ஏழைக்காக நிற்கிற லாயர் என்றால் எங்கள் வீட்டில் அந்தப் பெயர்தான் முதலில் வரும்.

திரும்பும்போது லைட் ஸ்ட்ரீட் போனோம். நீதிமன்றத்தின் முன் லோகன் நினைவுச்சின்னம். ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன், ஸ்காட்லாந்துக்காரர், 1869இல் இறந்தவர். பினாங்கு கெசட் பத்திரிகை நடத்தினார், ஐரோப்பியர் அல்லாதவர்களின் உரிமைக்காக வாதாடினார். பீடத்தைச் சுற்றி நீதி, விவேகம், துணிவு, நிதானம் என நான்கு உருவங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது மாமா என்னை இங்கே நிறுத்தி, லாயருக்கு இதில் எது ரொம்ப வேண்டும் என்று கேட்டார். நீதி என்றேன். "அது மேலே உட்கார்ந்திருக்கிறவங்க வேலை. நமக்கு நிதானம்."

காக் படம் எடுக்கலாமா என்றார். எடுத்தோம்.

மே 4. ஷா ஆலாம்

வேலைக்குத் திரும்பிவிட்டேன். ரசீதுகள், கூட்டங்கள். யாரும் எதுவும் கேட்காதது நல்லதாகவும் கோபமாகவும் இருக்கிறது.

மே 11

மாமாவின் புத்தகத்தில் அந்தப் பையன் கிடைத்தான். நான்கு பக்கம்.

அப்பா இங்கே பிறந்த குடிமகன். அம்மா தாய்லாந்துப் பெண், ஹட்யாய். கோயிலில் தாலி கட்டியிருக்கிறார்கள். படம்கூட இருக்கிறது, மாலையும் கழுத்துமாக. பதிவு செய்யவில்லை. 1982 மார்ச் 1க்குப் பிறகு பதிவில்லாத திருமணத்தைச் சட்டம் திருமணமாக எடுத்துக்கொள்வதில்லை. அப்படியானால் பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான். தாய் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அப்பா லாரி விபத்தில் போய்விட்டார். இந்த மண்ணில் பிறந்து, தமிழும் மலாயும் மட்டுமே தெரிந்த பையன் எந்த நாட்டுக்கும் ஆளில்லை. வங்கிக் கணக்கு கிடையாது, லைசென்ஸ் கிடையாது, இபிஎஃப் சேமநிதி கிடையாது.

கடைசிப் பக்கத்தின் கீழே சிவப்பு மையில் மாமா எழுதியிருக்கிறார்: "கோயில் ஐயரிடம், தலைவரிடம் மறுபடி பேசு. ரெஜிஸ்டர் முதலில், தாலி பிறகு."

2004இல் என் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே எங்கள் இருவரையும் ஜேபிஎன்னுக்கு இழுத்துப் போனார். 21 நாள் அறிவிப்பு ஒட்டவேண்டும், ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது என்று நின்றார். மண்டபம், புடவை, நகை எதிலும் தலையிடாத மனிதர் அந்த ஒரு தாளுக்காக மாப்பிள்ளை வீட்டாரோடு முகம் சுளிக்கும் அளவுக்குப் பேசினார். சான்றிதழ் வந்ததும் நகல் எடுத்து ஒன்றைத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

என் மூத்தவளின் பிறப்புப் பத்திரத்தை இன்று எடுத்துப் பார்த்தேன். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது.

மே 12

அம்மா போனில் அழுதார். ஒருவழியாக.

ஜூன் 7. கெப்பாலா பத்தாஸ்

கோப்புகளை எடுத்துக்கொண்ட வழக்கறிஞரைப் பார்த்தேன். இளைஞர், பொறுமையானவர். அரசியலமைப்பின் 15ஏ விதியை விளக்கினார். சிறப்புச் சூழ்நிலை என்று கருதினால், 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒருவரைக் கூட்டரசு அரசாங்கம் குடிமகனாகப் பதியலாம். வயது தாண்டினால் இந்தக் கதவு இல்லை. மிஞ்சுவது இயல்புரிமைக் குடியுரிமை, அதற்கு இவனிடம் தேவையான தாள் எதுவும் இல்லை. பையனுக்கு ஒரு முறை விண்ணப்பம் போய்த் திரும்பியிருக்கிறது. இரண்டாவதை மாமா ஏறக்குறைய முடித்திருந்தார். குறைவது தாயின் சத்தியப் பிரமாணம்.

"கட்டணம் வேண்டாம்" என்று அவராகவே சொன்னார். மாமாவிடம் ஒன்பது மாதம் பயிற்சிக்கு இருந்தவராம். எனக்குத் தெரியவே தெரியாது.

2011இல் தாளில்லாதவர்களைப் பதியும் மைடஃப்தார் இயக்கம் நடந்தபோது இந்தப் பாட்டி ஏன் போகவில்லை என்று கேட்டேன். போனார்களாம். பிறப்புப் பத்திரம் இருந்ததால் இது வேறு வரிசை என்றார்களாம்.

ஜூன் 15

பையன் வந்தான். முதன்முறையாகப் பேசினான். "அக்கா, ஐயா என்கிட்ட எப்பவும் முழுசா வாசிச்சுக் காட்டுவாரு. எனக்குப் புரியலன்னா மறுபடி முதல்லேருந்து." விண்ணப்பத்தை எடுத்து, மலாயில் இருந்ததைத் தமிழில் சொல்லி, அவனுக்கு முழுவதும் வாசித்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. இடையில் இரண்டு பேர் கேட்டருகே வந்து நின்றார்கள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

ஜூன் 26

ஹட்யாயில் தாய் இருக்கும் முகவரி ஆறு வருடம் பழையது. ஒரு தொலைபேசி எண், மணி அடிக்கிறது, எடுப்பதில்லை. கிடைத்தால் சொங்க்லாவிலுள்ள மலேசியத் தூதரக அலுவலகத்துக்கு அழைத்துப்போய்க் கையெழுத்து வாங்கவேண்டும். பையன் எல்லையைத் தாண்ட முடியாது. கடப்பிதழுக்கு ஐசி வேண்டும். பாட்டிக்குச் சர்க்கரை, கால் வீக்கம்.

நான் மூன்று நாள் விடுப்பு கேட்டிருக்கிறேன். என் கணவர், "அந்தம்மா கையெழுத்துப் போட மறுத்துட்டா?" என்றார். புதுக் குடும்பம் இருக்கலாம், இந்தப் பிள்ளையைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். நானும் அதைத்தான் யோசிக்கிறேன். அவளிடம் எப்படித் தொடங்குவது என்று மாமாவின் புத்தகத்தில் இல்லை.

ஞாயிறு காலை ஆறரைக்கு பட்டர்வொர்த்திலிருந்து வேன். அன்றுதான் நோன்பு முதல் நாள். காக் தானும் வருகிறேன் என்கிறார், அவருக்குத் தாய்லாந்து மொழி கொஞ்சம் வரும். பாட்டியிடமிருந்து கோயில் படத்தை வாங்கிக்கொண்டேன். தாளெல்லாம் மூன்று நகல். ஆகஸ்டு 19க்கு இன்னும் எட்டு வாரம்கூட முழுதாக இல்லை.