தீப்பெட்டியில் பிறந்த வேற்றுகிரகப் படை

1/ "லீவு விட்டா பிள்ளை போனை கீழ வைக்க மாட்டேங்கிறான் டாக்டர், என்ன பண்ண?" கிளினிக்ல வாரத்துக்கு நாலு பேராவது கேக்குறாங்க. எங்க வீட்ல வேலை செஞ்ச ஒரு வழியைச் சொல்றேன். கழுகுமலைக்காரங்க வீட்ல கிடக்கிற சாமானை வச்சு வேற்றுகிரகவாசிப் படை ஒண்ணு செய்யணும். அப்புறம் அதை மேஜை மேல சண்டைக்கு விடணும். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ மேஜைப் போர் விளையாட்டு நமக்குப் புதுசு, உலகத்துக்குப் பழசு. செவ்வாய்கிரகவாசிகள் பூமி மேல படையெடுக்கிற கதையை 1898-ல எழுதின எச்.ஜி. வெல்ஸ்தான், பொம்மைச் சிப்பாய்களை வச்சு விளையாடுறதுக்கு விதிமுறை சொல்லி 1913-ல 'லிட்டில் வார்ஸ்'னு ஒரு புத்தகமும் போட்டார். நிஜப் போரை விட இதுவே மேல்ங்கிறது அவர் கட்சி. மறு வருஷமே முதல் உலகப்போர் வந்துடுச்சு.

3/ இப்போ பிரபலமா இருக்கிற வார்ஹேமர் 40,000 வந்தது 1987-ல. இன்னைக்கு அதுல ஒரு சின்னப் படை வாங்கவே பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஆனா ஆரம்பத்துல அந்த கம்பெனியோட பத்திரிகையே, காலி டியோடரண்ட் டப்பாவுல பறக்கும் டாங்க் செய்யச் சொல்லிக் கொடுத்துச்சு. அதனால குப்பையில செய்யுறதுக்கு வெக்கப்பட வேண்டாம்.

4/ "ஏலியன் எப்படி இருக்கும்?"னு பிள்ளைங்க கேட்டா கூகுள் வேண்டாம். வெட்டுவான் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒரே பாறையை மேல இருந்து கீழா வெட்டி, முடிக்காமலே விட்டுட்டுப் போன பாண்டியர் காலத்துக் கோயில். 8-ம் நூற்றாண்டு. மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தியைப் பாத்துட்டு, அப்படியே பூதகணங்களைப் பாருங்க. குட்டைக் கால், பானை வயிறு, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லாத மூஞ்சி. இதை விட நல்ல மாடல் எங்க கிடைக்கும்? அங்க கல்லைக் கழிச்சுக் கழிச்சு உருவம் எடுத்தாங்க. நாம ஒட்டி ஒட்டி வளர்க்கப் போறோம்.

5/ செய்முறை. மோட்டார் காயில் கட்டுற கடையில மிச்சக் கம்பி கேளுங்க, அதுதான் எலும்பு. வயித்துக்குத் தெர்மாகோல். அதுக்கு ஃபெவிகால் மட்டும் போடுங்க. ஃபெவிக்விக்கோ ஸ்ப்ரே பெயிண்டோ பட்டா தெர்மாகோல் அரிச்சுப் போயிடும். முதுகு ஓட்டுக்குப் புளியங்கொட்டை. சொறித்தோலுக்கு பசை தடவி கேழ்வரகு தூவுங்க. நகத்துக்கு சீமைக்கருவேல முள், நுனியை வெட்டிட்டு. வெறும் கரிசல் மண்ணுல மட்டும் செய்யாதீங்க. காஞ்சதும் நம்ம காடு மாதிரியே பாளம் பாளமா வெடிக்கும். மணல் கலந்துக்கோங்க.

6/ இப்போ டாக்டரா மூணு விஷயம்.

ஒண்ணு, எம்-சீல். ரெண்டு பாகத்தையும் ஒரே நிறம் வர்ற வரை பிசையணும். பெரியவங்க பிசைங்க, கையுறை போட்டுக்கிட்டு. வெறுங்கையில தொடர்ந்து பிசைஞ்சா எபாக்ஸி சிலருக்குத் தோல் அலர்ஜி உண்டாக்கும். காஞ்ச பிறகு உப்புத்தாள் போட்டா, தண்ணி தொட்டுப் போடுங்க. தூசியை மூச்சுல இழுக்க வேண்டாம்.

ரெண்டு, குன்னிமுத்து. சிவப்பும் கறுப்புமா ஏலியன் கண்ணுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். தொடவே வேண்டாம். உள்ள இருக்கிற அப்ரின் கடும் விஷம். ஓடு உடைஞ்சாலோ மென்னாலோ உயிருக்கே ஆபத்து. கண்ணுக்குக் கடுகு போதும்.

மூணு, தீக்குச்சி. மருந்து முக்காத வெறுங்குச்சி மட்டும்தான்.

7/ தீப்பெட்டின்னதும் எங்க அம்மா கதைக்கு வந்தாகணும். போன லீவுல பையன் தீப்பெட்டிகளை ஒட்டி விண்கலம் கட்டிக்கிட்டு இருந்தான். பாத்துக்கிட்டே இருந்த அம்மா பக்கத்துல வந்து உக்காந்தாங்க. கட்டைவிரல் அடிமூட்டு தேய்ஞ்சு, காலையில டம்ளர் பிடிக்கவே யோசிக்கிற கை. அது அட்டையை எடுத்துச்சு, மடிச்சுச்சு, பசை தொட்டுச்சு, ஒட்டிச்சு. அவன் ஒண்ணு முடிக்கிறதுக்குள்ள அவங்க ஆறு.

"ஆச்சி, எப்படி ஆச்சி?"

"எய்யா, இது கூலிக்குப் பழகுன கைடா."

8/ கோவில்பட்டி பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்ல. மத்தவங்களுக்குச் சொல்றேன். தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்குறது, வீட்ல பெட்டி ஒட்டுறது, ரெண்டுமே அன்னைக்குச் சின்னப் பிள்ளைங்க வேலை. கணக்கு குரோஸ்ல. ஒரு குரோஸுக்கு 144 பெட்டி. அம்மா எட்டு வயசுல ஆரம்பிச்சாங்க. தீப்பெட்டித் தொழில்ல பிள்ளைகளை வைக்கக் கூடாதுன்னு 1986-லயும் ஒரு சட்டம் வந்துச்சு. அப்போ அம்மாவுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு.

9/ விளையாடுறது குழந்தையோட உரிமைன்னு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 31-வது பிரிவு சொல்லுது. 1989-ல வந்தது, இந்தியா ஏத்துக்கிட்டது 1992-ல. எங்க வீட்ல அந்தப் பிரிவு அமலுக்கு வந்தது போன மே மாசம், அறுபது தாண்டின ஒரு பொம்பளைக்கு. அதே அட்டை, அதே பசை. எண்ண வேண்டிய 144 மட்டும் இல்ல. அம்மா செஞ்ச ஏலியனுக்கு ஏழு கை. "ஏன்மா ஏழு?"னு கேட்டேன். "எனக்கு அன்னைக்கு ரெண்டு பத்தல"ன்னாங்க.

10/ இது மூட்டுவலிக்கு வைத்தியம்னு நான் சொல்லல. தேய்ஞ்சது தேய்ஞ்சதுதான். அரை மணிக்கொரு தடவை கைக்கு ஓய்வு, தடிமனான பிடி போட்ட பிரஷ், வலிச்சா நிறுத்தணும். என்னோட மருத்துவம் அவ்வளவுதான்.

11/ சண்டை விதி சிம்பிள். தையல் டேப் வச்சு ஒரு தடவைக்கு ஆறு இன்ச் நகரணும். எதிராளி பக்கத்துல போய்ட்டா தாயக்கட்டை உருட்டணும். தாயம் விழுந்தா எதிரி பொம்மை காலி. அம்மாவுக்கு எப்படித்தான் விழுமோ, தாயமா விழுது. பேரன் படை மூணு தடவை சுத்தமா அழிஞ்சாச்சு.

12/ பிள்ளை கையில இருக்கிற போனை வாங்கணும்னா அந்தக் கைக்கு வேற வேலை கொடுங்க. அப்படியே உங்க வீட்டுப் பெரியவங்க கையையும் ஒரு தடவை பாருங்க. விளையாட வேண்டிய வயசுல அது என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சுன்னு கேளுங்க. அப்புறம் பசை டப்பாவை நடுவுல வச்சுட்டு நகர்ந்துடுங்க.

செஞ்ச ஏலியன் போட்டோ கீழ போடுங்க. எத்தனை கைன்னும் சொல்லுங்க.