தலைப்புச் செய்திக்கு எண் போடுகிற வேலை

தேர்தல் காலத்து நாளிதழ்ச் செய்திகளை எண்களாக மாற்றுவது என் தொழில். பாடத்திட்டத்தில் இதற்கு உள்ளடக்கப் பகுப்பாய்வு என்று பெயர், எங்களுக்குள் ‘கோடிங்’. யாரைப் பற்றிய செய்தி, என்ன பிரச்சினை, சாதகமா பாதகமா என்று பார்த்து, எக்செல் தாளில் ஓர் எண் போட வேண்டும். இதற்குப் போய் முனைவர் பட்டமா என்று உறவினர்கள் கேட்பதுண்டு.

‘ஆளுங்கட்சி மீது எதிர்க்கட்சித் தலைவர் சரமாரி தாக்கு’ என்று ஒரு தலைப்பை வைத்துக்கொள்வோம். ஆளுங்கட்சிக்குப் பாதகம் என்பார் ஒருவர். எதிர்க்கட்சிக்குச் சாதகம் என்பார் அடுத்தவர். பேசியதைத்தானே போட்டிருக்கிறார்கள், நடுநிலை என்பார் மூன்றாமவர். மூவர் மீதும் குற்றமில்லை. ஒரு செய்திக்கு ஒரே தொனி என்று கட்டம் போட்டதுதான் கோளாறு. கட்சிக்கு ஒரு கட்டம், ‘சொன்னது தலைவரா, நிருபரா’ என்பதற்குத் தனிக் கட்டம் என்று பிரித்தால் சண்டை பாதி தீர்ந்துவிடும். கோடிங் கையேட்டில் இருக்கும் ஒவ்வொரு விதியும் இப்படி ஒரு வாக்குவாதத்தில் பிறந்ததுதான்.

பிறகு, ஒரே செய்திகளுக்கு இருவர் தனித்தனியே போட்ட எண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்க வேண்டும். “85 சதவீதம் ஒத்துப்போகிறது சார்” என்று மாணவர்கள் மகிழ்ச்சியாக வருவார்கள். இருவருமே நூற்றுக்குத் தொண்ணூறு செய்திகளுக்கு ‘நடுநிலை’ போட்டிருந்தால், செய்தியைப் படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் 82 சதவீதம் ஒத்துப்போகும். அந்தத் தற்செயலைக் கழித்துவிட்டுப் பார்க்கத்தான் ஜேக்கப் கோஹென் 1960-இல் கப்பா அளவையைத் தந்தார். அதில் இந்த 85 சதவீதத்தின் மதிப்பு வெறும் 0.17. இதேபோன்ற இன்னொரு அளவையான கிரிப்பென்டார்ஃபின் ஆல்ஃபாவில் 0.80 வந்தால்தான் நிம்மதியாகத் தூங்கலாம்.

எந்தெந்த நாள் இதழ்களை எடுப்பது என்ற கேள்வியும் உண்டு. தொடர்ந்து ஏழு நாள் எடுத்தால், அந்த வாரம் வெடித்த ஒரே விவகாரம் மொத்தத்தையும் விழுங்கிவிடும். ஏதோ ஒரு வாரத்தின் திங்கள், வேறொரு வாரத்தின் செவ்வாய் என்று குலுக்கிப்போட்டுச் செயற்கையாக ஒரு வாரம் அமைக்கிறோம். எந்த ஊர்ப் பதிப்பு என்பதையும் எழுதிவைக்க வேண்டும்; ஒரே நாளிதழின் சென்னை, மதுரைப் பதிப்புகளில் முதல் பக்கமே மாறலாம்.

இவ்வளவும் செய்தாலும் பத்திரிகையில் என்ன இருந்தது என்பது மட்டுமே தெரியும். வாசகர் மனதில் என்ன ஏறியது என்று தெரியாது. ஊடக ஆய்வாளர்கள் மெக்கோம்ப்ஸும் ஷாவும் 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சாப்பல் ஹில்லில் செய்திகளை எண்ணியதோடு நிற்கவில்லை. யாருக்கு வாக்களிப்பது என்று முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் எது முக்கியப் பிரச்சினை என்று கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டார்கள். 1972-இல் வெளியான அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிவிட்டு முதல் பாதியை மட்டும் செய்கிற ஆய்வேடுகளே நம்மிடம் அதிகம்.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கோடிங் கையேட்டை ஒரு விதி விடாமல் பின்னிணைப்பில் சேருங்கள். அது இல்லாமல் வரும் சதவீதங்களை நான் படிப்பதில்லை.