எந்தத் தட்டு?

கதை எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். எழுதியதெல்லாம் இப்போது அங்கேதான் போய்ச் சேருகிறது. அதனால் கொஞ்சம் எட்டிப் பார்ப்பதில் தப்பில்லை.

பழைய நூல்களைப் பதிப்பிக்கும் நிறுவனம் ஒன்றுக்கு அடிக்கடி போய் வருவேன். ஊரையும் பேரையும் சொல்லப் போவதில்லை. அங்கே குளிரூட்டிய சிறிய அறையில் சர்வர் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையின் இழுப்பறைகளைப் போல முகப்பில் பன்னிரண்டு தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு ஹார்ட் டிஸ்க். கைப்பிடியை நெம்பினால் தட்டு வெளியே வரும். தள்ளினால் 'கடக்'கென்று உள்ளே போய் உட்காரும். அப்படி உட்காரும் இடத்தில், உள்ளே குறுக்காக நிற்கும் பலகைக்குப் பேக்பிளேன் என்று பெயர். மின்சாரமும் தகவலும் அந்தப் பலகையின் செருகுவாய்கள் வழியாகத்தான் டிஸ்குக்குப் போகும். ஒயரைக் கழற்றி மாட்டும் தொல்லை கிடையாது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கெட்டதை உருவிவிட்டு நல்லதைச் செருகலாம். வசதிதான், வினையும் அங்கேதான் இருக்கிறது.

1956-ல் ஐ.பி.எம். கம்பெனி கொண்டுவந்த முதல் டிஸ்க் பெட்டியில் 24 அங்குல அகலமுள்ள தகடுகள் 50 இருந்தன. எல்லாம் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகள் கொள்ளும். எடையோ ஒரு டன்னுக்கு மேல். அதை யாரும் கைதவறி உருவியிருக்க முடியாது! இன்று ஒரு கையில் அடங்கும் டிஸ்க் ஒரு நூலகத்தையே விழுங்கிவிடுகிறது.

டிஸ்க் என்றால் ஒருநாள் கெடத்தான் கெடும். 1988-ல் கலிபோர்னியாவில், பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்ஸன், காட்ஸ் என்ற மூவர் இதற்கு ஓர் ஏற்பாட்டை விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். விலையுயர்ந்த பெரிய டிஸ்க் ஒன்றை நம்புவதைவிட, மலிவான பலவற்றைச் சேர்த்து, ஒன்று போனாலும் மற்றவை சமாளிக்கும்படி செய்யலாம் என்றார்கள். 'ரெய்டு' என்பது அதன் பெயர். தத்துவம் என்னவோ மளிகைக் கணக்குதான். ஒரு டிஸ்கில் 5, இன்னொன்றில் 7, மூன்றாவதில் கூட்டுத்தொகை 12. ஏழு தொலைந்துபோனால் 12-லிருந்து 5-ஐக் கழித்து அதைத் திரும்பப் பெறலாம். மெஷின் கூட்டுவதற்குப் பதிலாக ஒற்றையா இரட்டையா என்று பார்த்துக்கொள்கிறது. இரண்டு டிஸ்குகள் போனாலும் தாங்கும் ஏற்பாடுகள் உண்டு. இந்த நிறுவனத்தில் இருந்தது ஒன்றைத்தான் தாங்கும். இரண்டாவதும் போனால் கழித்துப் பார்க்கக் கணக்கே மிஞ்சாது.

அதில் ஒரு பழைய மாத இதழின் பதினோரு வருஷத்துப் பிரதிகளைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். படம் பிடித்தவர் ஓர் அம்மாள். பூச்சி அரித்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, எட்டு மாதம் உழைத்தார். வேலை முடிந்ததும், இடத்தை அடைக்கிறது என்று நிர்வாகம் தாள்களை எடைக்குப் போட்டுவிட்டது.

ஒருநாள் 3-ஆம் எண் டிஸ்க் கெட்டுவிட்டதாகத் திரையில் அறிவிப்பு வந்தது. பராமரிக்க வந்த பையன் ஓரத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, மூன்றாவதை உருவினான். மனிதன் ஒன்றிலிருந்து எண்ணுகிறான். அந்த மெஷின் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. அதற்கு 3 என்றால் நமக்கு நான்காவது. உருவப்பட்டது நல்ல டிஸ்க். எல்லாம் நின்றுவிட்டது. பதறிப்போய்த் திரும்பச் செருகினான். வெளியே போய் வந்த டிஸ்கை மெஷின் அந்நியமாகக் கருதி, அதிலுள்ள அமைப்பை ஏற்பதா, அழிப்பதா என்று கேட்டது. அப்போதுகூடக் குடி முழுகிவிடவில்லை. ஏற்றுக்கொள் என்றிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அழி என்றான். பிறகு டிஸ்குகளைப் புதிதாகச் சேர்த்து, முதலிலிருந்து துடைத்து எழுதவும் சொல்லிவிட்டான். பையனை நான் குறை சொல்லமாட்டேன். அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சொல்லித் தரவேண்டியது அதிகமும் இல்லை. 'அந்த டிஸ்க் எங்கே, காட்டு' என்று மெஷினுக்குக் கட்டளையிட்டால், அந்தத் தட்டின் விளக்கு மட்டும் மினுக்கும். டிஸ்கின் தொடர் எண்ணைச் சீட்டில் எழுதித் தட்டின் முகப்பில் ஒட்டி வைத்தால் ஒப்பிட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் டிஸ்குக்கு வைக்கும் பெயரை நம்பக் கூடாது. அணைத்துத் திரும்பப் போட்டால் அது மாறலாம். தொடர் எண் மாறாது. புதிய டிஸ்கைச் செருகியபின் கணக்குப் போட்டு நிரப்ப ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அதுவரை வேறெதிலும் கை வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னொரு பிரதி வேறோர் இடத்தில் இருந்தாக வேண்டும். டிஸ்க் செத்தால் ரெய்டு காப்பாற்றும். 'அழி' என்று மனிதன் சொன்னால் அதுவும் சேர்ந்து அழிக்கும்.

அந்த அம்மாளிடம் விஷயத்தைச் சொல்ல நிர்வாகிக்கு இரண்டு நாள் தைரியம் வரவில்லையாம். கேட்டதும் அவர் அழவில்லை. "தாளாவது இருக்கா, சார்?" என்று மட்டும் கேட்டாராம். பதில் அவருக்கே தெரியும்.

இப்போது அவர் பழைய சந்தாதாரர்களின் வீடுகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். சென்ற மாதம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து பத்தொன்பது இதழ்கள் வந்து சேர்ந்தன. மறுபடியும் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். இந்தத் தடவை, தாள்கள் இருக்கும் அலமாரியின் சாவியை அவரே வைத்துக்கொண்டிருக்கிறார்.